பதினான்காம் கட்டத்தில் குளிர்

இளவரசன் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய இடத்தில் நீட்டிய படிவத்தில் ஒரு சொல்லைக் கூடுதலாக எழுதிவிட்டான். பதினான்காம் கட்டம், ‘பானத்தின் வகை’. அதில் ‘சிவப்பு ஒயின், ஆறு பாட்டில்’ என்று எழுதியிருந்தால் அன்றைக்கு மத்தியானமே திருவெள்ளறைக்குப் போய், மனைவி கையால் மோர்க்குழம்பு சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்பான். ஆனால் எட்டு வருஷம் ஒரே வேலையைப் பார்த்தவனுக்கு அந்த வேலையின் மேல் ஒரு கர்வம் வந்துவிடுகிறது. ‘குளிர் பிரதேசச் சிவப்பு ஒயின்’ என்று எழுதினான். எழுதிவிட்டுக் கையெழுத்தை வேறு அழகாகப் போட்டான்.

குளிர் என்ற சொல்லைக் கண்டதும் விதி விழித்துக்கொண்டது. குளிர் என்று உரிமை கோரும் பானம் எதுவாக இருந்தாலும், அந்தக் குளிர் மெய்ப்பிக்கப்படும் வரை அது ‘அயல்நாட்டுப் பானங்கள் குணநலச் சான்றளிப்பு ஆணைய’த்தின் காவலில் இருக்க வேண்டுமாம். எப்போதோ யாரோ வெயிலில் கிடந்த சோடாவைக் குளிர்பானம் என்று விற்றிருக்கிறார்கள். அவர்களைப் பிடிக்கப் போட்ட விதி அது. அவர்கள் இன்றைக்கும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். மாட்டிக்கொண்டது இளவரசன்.

அந்த ஆறு பாட்டிலும் கடையில் வாங்கியவை அல்ல. நியூசிலாந்தின் தென்கோடியில், மலையடிவாரத்துத் திராட்சைத் தோட்டம் ஒன்றில் அவன் வேலை பார்த்தான். கல்யாணமாகிப் பத்து மாதத்தில் போனவன். கடைசி மூன்று வருஷம் தோட்டக்காரர் ஒரு வரிசைக் கொடியை அவன் பொறுப்பிலேயே விட்டுவிட்டார். கவாத்து வெட்டியதும் அவன்தான், பறித்ததும் அவன்தான், பிழிந்து பீப்பாயில் அடைத்து ஒரு வருஷம் பொறுத்திருந்ததும் அவன்தான். அதில் தேறியதில் ஆறு பாட்டிலைப் பழைய சட்டைகளில் சுற்றி எடுத்துக்கொண்டு, இனிமேல் போவதில்லை என்று முடிவு கட்டி ஊருக்கு வந்திருந்தான்.

யாருக்காக என்றால், அனுசுயாவுக்காக. அனுசுயா ஸ்ரீரங்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். எட்டு வருஷத்தில் நாலே நாலு தடவை வந்துபோன புருஷனிடம் அவளுக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. “அங்க அப்படி என்னதாங்க இருக்கு?” சண்டையில் கேட்பாள், சமாதானத்தில் கேட்பாள், ஒரு தடவை ஜுரத்தில்கூடக் கேட்டாள். சம்பாதிக்க என்று அவன் போன காரியமெல்லாம் மூன்றாம் வருஷமே முடிந்துவிட்டது. அதற்கப்புறமும் அவன் ஏன் அங்கேயே இருந்தான் என்பதுதான் அந்தக் கேள்வியின் உள்ளே இருந்தது. அது அவனுக்கும் தெரியும்.

போனில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான்.

“வெயில் ஊர்ல திராட்சை அவசரமா பழுத்துரும் அனு. சக்கரை ஏறிரும். ஒயின் கனமா, கறுப்பா, ஜாம் மாதிரி ஆயிரும். குளிர் ஊர்ல அப்படி இல்ல. நிதானமா, பயந்து பயந்து பழுக்கும். புளிப்பு போகாது. டம்ளர்ல ஊத்தினா அந்தப் பக்கம் விரல் தெரியும், அவ்வளவு மெல்லிசு. மோந்து பார்த்தா மழை பேஞ்ச மண்ணு, கொஞ்சம் மிளகு, அப்புறம் பழுத்த களாக்கா மாதிரி...”

“களாக்காவா? அது நம்ம ஊர் கரட்டுலயே கெடக்கே. அதுக்கா எட்டு வருஷம்?”

அதோடு அவன் போனை வைத்துவிடுவான். சொல்ல வராத அந்த எட்டு வருஷத்தையும் பாட்டிலில் அடைத்துக் கொண்டுவருவதாக ஏற்பாடு. ஒரு டம்ளர் குடித்துப் பார்ப்பது, அதற்கப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுவது. அனுசுயா சம்மதித்திருந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு, மாமியார் வீட்டில் இல்லாத நாளாகப் பார்த்து, ஒரே ஒரு டம்ளர்.

ஆணையத்தின் மத்திய மண்டல அலுவலகம் மன்னார்புரத்தில் இருந்தது. கீழே டயர் கடை, மேலே அலுவலகம், அதற்கு மேலே மொட்டை மாடி. அலுவலகத்தில் பெரிய குளிர்பதன அறை ஒன்று உண்டு. அயல்நாட்டுப் பானங்களை வைப்பதற்கென்றே கட்டியது. ஆனால் கரையான் தொல்லை காரணமாக அதில் கோப்புகளை வைத்துப் பூட்டியிருந்தார்கள். கோப்புகள் பதினாறு டிகிரியில் சௌக்கியமாக இருந்தன. பாட்டில்கள் மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் இருந்தன.

இளவரசன் படியேறிப் போய் இதைப் பார்த்தான். ஏப்ரல் மாதத்துத் திருச்சியில் தகரக் கொட்டகைக்குள் தேங்காய் எண்ணெயை வைத்தால்கூட அது நிம்மதியாக இருக்காது. ஓடிப்போய் மண்டல இணை இயக்குநர் பீமராவ் முன்னால் நின்றான். பீமராவ் நல்ல மனிதர். வந்தவர்களை உட்காரச் சொல்லுவார், தண்ணீர் கொடுக்கச் சொல்லுவார், எல்லாவற்றையும் முழுசாகக் கேட்டுக்கொள்வார். அவரிடம் இருந்த ஆபத்தே அதுதான்.

“சார், அதை வெயில்ல வெக்கக் கூடாது சார். பன்னெண்டு, பதிமூணு டிகிரியில இருக்கணும். அந்தக் குளிர் ரூம்ல ஒரு மூலை போதும்.”

“ஒக்காருங்க தம்பி. நான் ஒண்ணு கேக்குறேன். இது குளிர் பிரதேச ஒயின்னு நீங்கதானே எழுதினீங்க?”

“ஆமா சார்.”

“அப்ப குளிர் அதுக்குள்ள இருக்கணும். திருச்சிக்காரர் ஒருத்தர் டெல்லி போயிட்டா திருச்சிக்காரர் இல்லாம போயிடுவாரா? அதை நாங்க குளிர் ரூம்ல வெச்சா, நாளைக்குப் பரிசோதனையில குளிர் இருந்துச்சுன்னா அது உங்க குளிரா, எங்க குளிரான்னு ஒரு கேள்வி வரும். அரசாங்கக் குளிரை உங்க பாட்டில்ல ஏத்தி விட்டதா தணிக்கையில எழுதுவாங்க. ஆதாரத்துல நாங்க கை வெக்கக் கூடாது தம்பி. உங்க நல்லதுக்குத்தான் அதை மாடியில வெச்சிருக்கேன்.”

இளவரசனுக்கு இதில் எங்கேயோ ஒரு ஓட்டை இருப்பதாகத் தோன்றியது. எந்த இடத்தில் என்று கண்டுபிடிப்பதற்குள் பீமராவ் அடுத்த காகிதத்தை எடுத்துவிட்டார்.

அடுத்த காகிதம், அந்த ஊர் குளிரான ஊர்தான் என்பதற்கான சான்று. இளவரசன் அந்த ஊர் நகரசபைக்கு மின்னஞ்சல் போட்டு, மாதவாரியாக வெப்பநிலைப் பட்டியல் வாங்கினான். இரண்டே நாளில் வந்துவிட்டது. பீமராவ் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“ஜூலையில ரெண்டு டிகிரின்னு போட்டிருக்காங்க. ஜனவரியில இருபத்தி மூணு. என்ன தம்பி இது? ஜனவரியில வெயில், ஜூலையில குளிரா? கோல்மால் பண்றதுன்னா கொஞ்சமாவது பொருத்தமா பண்ணியிருக்கலாம்.”

“சார், அது தெற்கு அரைக்கோளம் சார். அங்க எல்லாமே தலைகீழ்.”

“எழுத்துல இருக்கா?”

பானங்களுக்கு மதிப்பெண் போட ஆணையம் வைத்திருந்த ரசனைக் குழுவில் கலீம் என்று ஒருவர் உண்டு. முப்பது வருஷம் புவியியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். அன்றைக்கு ஏதோ படிவத்தில் கையெழுத்துப் போட வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு விஷயம் தெரியும். சொல்லவும் வாயைத் திறந்தார். ஆனால் குழு உறுப்பினர் மனுதாரருக்குச் சாதகமாகப் புவியியல் பேசக் கூடாது என்று பீமராவ் பணிவாக நினைவூட்டினார். கலீம் வாயை மூடிக்கொண்டு, இளவரசனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

ஆகவே இளவரசன் ஆறாம் வகுப்புப் புத்தகம் ஒன்றைத் தேடிப் பிடித்து, தெற்கு அரைக்கோளம் இருக்கிற பக்கத்தை நகலெடுத்து, சான்றொப்பம் வாங்கப் புறப்பட்டான். பச்சை மையில் கையெழுத்துப் போடுகிற அதிகாரிகளில் அன்றைக்கு இருக்கையில் இருந்தவர் கால்நடை மருத்துவர் ஒருவர்தான். அவர் ஒரு எருமைக்கு ஊசி போட்டுவிட்டு வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, தெற்கு அரைக்கோளம் ‘உண்மை நகல்’ என்று முத்திரை குத்திக் கொடுத்தார். ஆணையம் அதை ஏற்றுக்கொண்டது. இதற்குள் இருபத்தியிரண்டு நாள் போயிருந்தது. கத்திரி பிறந்துவிட்டது.

கத்திரியில் புதிதாக ஒரு வழக்கு முளைத்தது. பாட்டில் பெட்டிக்கு அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். தகரத்துக்கு அடியில் அரக்கு உருகி வழிந்துவிட்டது. முத்திரையைச் சேதப்படுத்தியது யார் என்று விசாரணை நடந்தது. “வெயில் சார்” என்றான் இளவரசன். அதை வாக்குமூலமாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, புது முத்திரை வைத்தார்கள். அதுவும் உருகியது. மூன்றாவது தடவை உருகியபோது, முத்திரைதான் தரக்குறைவானது என்று கண்டுபிடித்து, அரக்கை மட்டும் பத்திரமாகக் குளிர்பதன அறையில் வைத்தார்கள்.

அன்றைக்கு அனுசுயா அரை நாள் லீவு போட்டுவிட்டு அவனோடு வந்திருந்தாள். அரக்குக்குக் கிடைத்த மரியாதையை அவள் கண்ணால் பார்த்தாள். பொறுக்க முடியாமல் பீமராவிடம் போய் நின்றாள்.

“சார், எங்க லேப்ல ரத்தம் எடுத்தா அஞ்சு நிமிஷத்துல ஐஸ் பெட்டியில வெச்சிருவோம். வெளிய வெச்சா கெட்டுப் போயிரும்னு எங்க ஆயாவுக்கே தெரியும். நீங்க இவ்வளவு படிச்சவங்க...”

“ரத்தம் குளிர்ன்னு உரிமை கோரலையேம்மா” என்றார் பீமராவ், மிகவும் கனிவாக.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பிறகு, “உங்களுக்கு அது அவ்வளவு முக்கியமாங்க?” என்று கேட்டாள். இளவரசன் ஆமாம் என்றான். உனக்குத் தருவதற்காக என்று சொல்ல நினைத்தான். கூட்டம் நெருக்கியது, கண்டக்டர் டிக்கெட் கேட்டார், சொல்லவில்லை.

மே மாதம் பாதியில் ‘குணநல விளக்கம்’ கேட்டுக் கடிதம் வந்தது. பானத்தின் தன்மை, அதன் ஈர்ப்பு, இரண்டையும் மனுதாரரே நாற்பது வரிக்கு மிகாமல் எழுத வேண்டும். இளவரசன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதினான். நிறம் மெலிந்து இருக்கும், ஆனால் சுவை மெலிந்திருக்காது என்று எழுதினான். புளிப்பு முன்னால் நிற்கும், பழம் அதன் பின்னால் வரும், கடைசியில் ஈர மண்ணின் வாசம் வாயில் தங்கும் என்று எழுதினான். முதல் வாய்க்கு ஒன்றும் பிடிபடாது, அவசரக்காரனுக்கு இது தண்ணீர், பொறுத்தவனுக்குத்தான் இதன் அருமை தெரியும் என்று எழுதினான். மூன்று மாசத்துக் குளிரும் பயமும் உள்ளே இருக்கிறது, ஒரு ராத்திரி உறைபனி இறங்கினால் வருஷம் முழுக்கப் போட்ட பாடு போய்விடும், அப்படித் தப்பிப் பிழைத்த பழத்தின் ருசி வேறு எதற்கும் வராது என்று எழுதினான். எட்டு வருஷமாக அனுசுயாவிடம் சொல்ல வராதது ஆணையத்துக்கு எழுதும்போது தாராளமாக வந்தது.

பீமராவ் அதைப் படித்துவிட்டு உண்மையாகவே மனம் இளகினார். “நல்லா எழுதுறீங்க தம்பி” என்றார். “ஆனா ஈர்ப்புன்னு போட்ட கட்டத்துல எழுதினதைத்தான் ஏத்துக்க முடியாது. மதுபானம் ஈர்க்கும்னு எழுதினா மக்களைக் குடிக்கத் தூண்டின குற்றம். பிரிவு ஒன்பது.”

“அப்ப ஈர்ப்பு இல்லன்னு எழுதிடட்டுமா சார்?”

“ஈர்ப்பு இல்லாத பானத்தை எதுக்கு இறக்குமதி பண்றீங்கன்னு பிரிவு பதினொண்ணு கேக்கும்.”

“கட்டத்தைக் காலியா விட்டுட்டா?”

“முழுமை பெறாத மனு.”

இரண்டு பேரும் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கடைசியில் ‘மேற்படி’ என்று எழுதுவதாக முடிவாயிற்று. எதற்கு மேற்படி என்று யாரும் கேட்கவில்லை. இளவரசன் எழுதியதில் மற்றதெல்லாம் அடிக்கப்பட்டு, ‘புளிப்பு முன்னால் நிற்கும், மண் வாசம் உண்டு, குளிர் பிரதேசத்தது’ என்ற மூன்று மட்டும் கோப்பில் ஏறின.

இனி ரசனைக் குழு கூட வேண்டும். குழுவின் தலைவர் ஜகன்னாத். ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியில் குடியிருப்பவர், தர்க்க சாஸ்திரம் படித்தவர், கல்லூரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உறுப்பினர்கள் இருவர், நமக்குத் தெரிந்த கலீமும், மனையியல் ஆசிரியையாக இருந்த மரகதவல்லியும். மூன்று பேரும் வாழ்நாளில் ஒரு சொட்டு மதுவைத் தொட்டதில்லை என்று முத்திரைத்தாளில் உறுதிமொழி கொடுத்தவர்கள். குழுவில் சேர அதுதான் முதல் தகுதி. குடிப்பவர்களைப் போட்டால் மதுவுக்குச் சாதகமாகப் பேசிவிடுவார்கள் என்று ஆணையம் அஞ்சியது.

“சுவைச்சுப் பாக்காம எப்படி சார் சொல்லுவாங்க?” என்று இளவரசன் ஜகன்னாத்தின் வீட்டுக்கே போய்க் கேட்டான். கூட்டத்துக்கு நாள் கேட்கப் போன இடம் அது.

“உக்காருங்கோ” என்றார் ஜகன்னாத். “ஒருத்தரம் சுவைச்சுட்டா அப்புறம் உறுதிமொழி பொய்யாயிடும், பதவி போயிடும். அடுத்த பாட்டிலுக்கு ஆள் எங்கே போறது? அதனால நாக்குல படாம பரீக்ஷை பண்றதுன்னு விதியே இருக்கு. அடியேன் வாசனை. மரகதவல்லி நிறம். கலீம் பாய் சப்தம்.”

“சப்தமா?”

“ஊத்தறச்சே கேக்கற சப்தம். நன்னா கவனிப்பார். ஒண்ணு சொல்றேன், கேளுங்கோ. குடிக்கிறவா பத்துப் பேரைக் கேட்டா பத்து விதமா சொல்லுவா. ஒருத்தன் நன்னாருக்கும்பான், ஒருத்தன் நன்னால்லேம்பான். குடிக்காதவாளுக்குள்ளே அபிப்பிராய பேதமே கிடையாது. பதினோரு வருஷமா எங்க குழுவில ஒரு தீர்மானம்கூட ஏகமனதா இல்லாம போனதில்லை. பாரபட்சம் இருந்தா அது நடக்குமோ?”

நாள் கிடைப்பது லேசாக இல்லை. ஏகாதசியன்று ஜகன்னாத் வரமாட்டார், வெள்ளிக்கிழமை கலீம் தொழுகைக்குப் போய்விடுவார், செவ்வாய்க்கிழமை மரகதவல்லிக்குச் சமயபுரம். மிஞ்சிய நாள்களில் பீமராவுக்குச் சென்னையில் கூட்டம். தினமும் சாயங்காலம் அனுசுயா வேலை விட்டு வந்ததும் “ஆச்சாங்க?” என்பாள். “நாள் குடுக்கல” என்பான். வெளியே அனல் காற்று அடித்துக்கொண்டிருக்கும். அந்தக் கொட்டகையை நினைத்துக்கொண்டு அவனுக்குச் சோறு இறங்காது. ஒரு நாள் ஈரச் சாக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு போய்ப் பெட்டிமேல் போடக் கெஞ்சிப் பார்த்தான். சாக்கு எந்த நாட்டில் தயாரானது என்று கேட்டார்கள். வாங்கிய கடைக்காரருக்கே அது தெரியவில்லை. சாக்கோடு திரும்பி வந்தான்.

ஜூன் கடைசி வாரத்தில் ஒரு புதன்கிழமை குழு கூடியது. மேஜைக்கு வெள்ளைத் துணி, பூச்சாடி, மூன்று கண்ணாடிக் கோப்பைகள். எதிரே மதிப்பெண் படிவங்கள். அந்தப் படிவம் முன்பு பன்னீர் சோடாவுக்காக அச்சடித்தது. மொத்தம் நூறு மதிப்பெண்ணில் இனிப்புக்கு நாற்பது, நுரைக்கு இருபது, ஏப்பத்துக்குப் பத்து என்று போட்டிருந்தது. புதிதாக அச்சடிக்க அனுமதி வராததால், எந்தக் கட்டத்தையும் மனுதாரரின் விளக்கத்தோடு ஒத்துப்போகும் பொருளில் எடுத்துக்கொள்ளலாம் என்று சுற்றறிக்கை இருந்தது.

பெட்டியைத் திறந்தார்கள். இளவரசன் எட்டிப் பார்த்தான். ஆறு பாட்டிலிலும் தக்கை அரை விரல் வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. உள்ளே இருந்தது கசிந்து, அவன் கையால் எழுதி ஒட்டிய காகிதத்தின்மேல் பழுப்பாகக் காய்ந்திருந்தது. பாட்டில்கள் எல்லாம் தோள் வரைக்கும் இறங்கிவிட்டன. அவனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. ஒன்றாவது தப்பியிருக்காதா என்று பார்த்தபடியே நின்றான்.

ஊழியர் ஊற்றினார். கலீம் கண்ணை மூடிக் காது கொடுத்தார். மரகதவல்லி கோப்பையை ஜன்னல் பக்கம் திருப்பினார்.

“மனுவில நிறம் மெல்லிசுன்னுதான் முதல்ல எழுதியிருந்தாராம். ஆனா நல்ல டிகாக்‌ஷன் நிறம். கூடுதலாவே தந்திருக்காரு, குறைவா தரல” என்று முழு மதிப்பெண் போட்டார்.

ஜகன்னாத் எழுந்து நின்று, அங்கவஸ்திரத்தை இழுத்துச் செருகிக்கொண்டு, கோப்பையிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்று மூச்சை இழுத்தார். முகம் மலர்ந்துவிட்டது. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவருக்கு ஒரு வாசனை பிடிபட்டிருந்தது.

“அட! ஆத்துல ஆவக்காய் ஜாடியைத் திறந்தாப்பல இருக்கே! புளிப்பு முன்னால நிக்கும்னு எழுதியிருக்கார். முன்னால என்ன, வாசல்லயே வந்து நின்னுண்டு கூப்பிடறது! இவ்வளவு யோக்கியமான மனுதாரரை அடியேன் பார்த்ததில்லை.”

ஊழியர் நீல நிறக் காகிதத் துண்டு ஒன்றைக் கோப்பையில் நனைத்தார். சிவந்தது. புளிப்பு அறிவியல்பூர்வமாகவும் நிரூபணமாயிற்று. கலீம் மட்டும் கொஞ்சம் தயங்கி, “சப்தத்துல ஏதோ ஒரு துக்கம் இருக்கு” என்றார். அதற்குக் கட்டம் இல்லாததால் நுரையில் நாலு மதிப்பெண் மட்டும் குறைத்துக்கொண்டு மற்றதை முழுசாகப் போட்டார்.

இளவரசன் மேஜைமேல் கிடந்த தக்கையை எடுத்து நுனி நாக்கில் வைத்துப் பார்த்தான். காடி. சுத்தமான காடி. களாக்காயும் இல்லை, மண்ணும் இல்லை, மிளகும் இல்லை. தக்கையைத் திரும்ப மேஜைமேல் போட்டான்.

“சார், கெட்டுப்போச்சு சார்! இது அது இல்ல. வெயில்ல வெந்து காடியாயிருச்சு. தயவுசெஞ்சு தள்ளுபடி பண்ணிருங்க. சான்று வேணாம் சார், வேணவே வேணாம்.”

அறையில் எல்லோரும் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அதிக சந்தோஷத்தில் மனிதர்கள் இப்படிப் பேசுவதுண்டு என்பதுபோல் பீமராவ் அவன் தோளைத் தொட்டார்.

“தொண்ணூத்தாறு மார்க் வாங்கியிருக்கீங்க தம்பி. இந்த மண்டலத்துலயே முதல் இடம். மேல்முறையீடு தோத்தவருக்குத்தான் உண்டு, ஜெயிச்சவருக்குக் கிடையாது. அதுவும் போக, இது காடின்னு நீங்க எப்படிச் சொல்ல முடியும்? நீங்க குடிக்கிறவர். உங்க வார்த்தை செல்லாது.”

பிறகு அவர் எழுந்து நின்று, மூன்று வரியில் முடிக்க வேண்டிய நன்றியுரையை அரை மணி நேரம் பேசினார். குளிர் பிரதேசச் சிவப்பு ஒயின் என்றால் என்னவென்று நாட்டில் இதுவரை யாருக்கும் திட்டவட்டமாகத் தெரியாது என்றார். ஆளாளுக்கு ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்த அந்தக் குழப்பம் இன்றோடு தீர்ந்தது என்றார். இனிமேல் எந்த நாட்டிலிருந்து எந்தக் குளிர் ஒயின் வந்தாலும் அது இந்தப் பாட்டிலைப் போல இருந்தால்தான் உள்ளே விடப்படும், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பப்படும் என்றார். கைதட்டினார்கள். இரண்டு பாட்டில்களை முன்மாதிரியாக ஆணையமே வைத்துக்கொண்டது. அவற்றுக்கு இடம் வேண்டும் என்று குளிர்பதன அறையைத் திறந்து, கோப்புகளைத் தகரக் கொட்டகைக்கு ஏற்றினார்கள். சோதனைக்குத் திறந்தது ஒன்று போக மிச்சம் மூன்று பாட்டிலும் சான்றிதழும் இளவரசன் கையில் வந்தன. சான்றிதழுக்கு ஓரத்தில் தங்க நிறப் பூவேலை போட்டிருந்தது.

சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கியபோது பாட்டில்களை அங்கேயே எங்காவது வைத்துவிட்டுப் போய்விடலாமா என்று நினைத்தான். மூன்று வருஷம் தொட்டு வளர்த்தது. விட மனசு வரவில்லை. மடியில் வைத்துக்கொண்டு திருவெள்ளறை பஸ் ஏறினான்.

அனுசுயாவுக்கு அவன் போனிலேயே சொல்லியிருந்தான், கிடைத்துவிட்டது என்று. அதை மட்டும்தான் சொன்னான். அவள் சீக்கிரமே வந்து, மாமியாரை நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். இரண்டு எவர்சில்வர் டம்ளர்களைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து வைத்தாள்.

“வேணாம் அனு. கெட்டுப்போச்சு. அவங்க வெயில்ல போட்டு...”

“சும்மா இருங்க. ரெண்டரை மாசம் அலைஞ்சுட்டு இப்ப வந்து வேணாம்கறீங்க.” அவள் சான்றிதழை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். படிக்கிற பிள்ளைபோல ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். “‘குளிர் பிரதேசத்துக்கே உரிய தன்மை குறைவின்றி உள்ளது. புளிப்பு மிகச் சிறப்பு. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.’ மூணு பேரு கையெழுத்துப் போட்டிருக்காங்க. பெரிய பெரிய படிப்புப் படிச்சவங்க. இவங்க எல்லாம் பொய்யா சொல்லுவாங்க?”

“அவங்க குடிக்கவே இல்ல அனு.”

“குடிக்காமயே இவ்வளவு சொல்றாங்கன்னா பாருங்களேன்.”

அவன் தடுப்பதற்குள் ஊற்றிவிட்டாள். கிழக்கே பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒரே மூச்சில் முக்கால் டம்ளரைக் குடித்தாள். முகம் சுருங்கிக் கோணியது. தோள் இரண்டும் குலுங்கின. துப்பப் போகிறாள் என்று இளவரசன் சொம்பை எடுத்து நீட்டினான். அவள் துப்பவில்லை. வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நிறைந்து வழிந்தது. முதலில் அது காடியால் வந்தது. அப்புறம் வந்தது காடியால் அல்ல.

“இதையா எட்டு வருஷமா குடிச்சிட்டு இருந்தீங்க?” என்றாள். குரல் உடைந்திருந்தது. “இதைச் செய்யவா அந்தக் குளிர்ல போய்க் கெடந்தீங்க? நான் பாவி, என்னென்னமோ நெனச்சேங்க. அங்க சொகமா இருக்கீங்க, என்கிட்ட வர மனசு இல்லன்னு நெனச்சேன். ராத்திரியெல்லாம் அப்படித்தான் நெனச்சுட்டுக் கெடப்பேன். இவ்வளவு கஷ்டத்துலயா இருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

பக்கத்தில் நகர்ந்து வந்து அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். எட்டு வருஷத்தில் அவள் அவனிடம் இப்படிப் பேசியதில்லை. கேள்வி போய்விட்டிருந்தது. அவள் குரலில் அது அடியோடு இல்லை.

இளவரசன் சொல்ல வாயெடுத்தான். காலையில் மலைக்குப் பின்னாலிருந்து வெயில் இறங்கிக் கொடிகளின்மேல் விழும் நேரத்தைச் சொல்ல வேண்டும். பீப்பாயிலிருந்து முதல் கோப்பை எடுத்து அதனூடே தன் விரலைப் பார்த்த நாளைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு அவன் அவளைக்கூட நினைக்காமல், அப்படியொரு சந்தோஷமாக இருந்ததைச் சொல்ல வேண்டும். சொன்னால் இந்தக் கை அவன் தலையிலிருந்து எடுபட்டுவிடும். மேஜைமேல் தங்கப் பூவேலை போட்ட காகிதம் இருந்தது. அதற்கு எதிராகச் சொல்ல அவனிடம் ஒரு சொட்டு சாட்சியும் மிச்சமில்லை.

“ஆமா அனு” என்றான். “ரொம்பக் கஷ்டம்தான்.”